அளவுகோலுக்கு அடங்காத ஊசி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட சாசனங்களுள் ஒன்று, குடவோலை வழியே வாரியங்களுக்குத் தெரிந்தெடுக்கப்படுகிறவன் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருத்தல் வேண்டும், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் வித்தையும் உடையவனாதல் வேண்டும் என்று விதிக்கிறது. வயது, சொத்து, கல்வி ஆகிய இம்மூன்றையுமே, யார் தடுப்பூசிக்கு இசைவார், யார் மறுப்பார் என்று கணிக்கப் புகுவோர் இன்றும் கையில் எடுக்கிறார்கள். ஊசி விஷயத்தில் அந்த அளவுகோல் அடிக்கடி பொய்த்துப்போகிறது.

பெரியம்மையை மாரியம்மனின் வருகையாகக் கருதி வாசலில் வேப்பிலை செருகிய தாய்மார், அம்மை குத்த வந்தவரைக் கண்டு அஞ்சியது மெய்தான். ஆயினும் 1955-இல் பி.சி.ஜி. என்னும் க்ஷயத் தடுப்பூசி இயக்கத்தை நாடறிய எதிர்த்தவர், கவர்னர் ஜெனரலாகவும் முதல் மந்திரியாகவும் இருந்த ராஜாஜி. அவரைப் படியாதவர் என்று யார் சொல்லத் துணிவார்? உத்திரமேரூர் அடங்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே 1968-இல் தொடங்கிய மாபெரும் பரிசோதனை, வயது வந்தோரின் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வடிவான கொடிய க்ஷயத்திலிருந்து அது காப்பதனால்தான் பிறந்தவுடன் இன்றும் போடப்படுகிறது. ஆகவே ஐயுற்றவரை மூடர் என்று ஒதுக்குவது நியாயமும் அன்று, பிரயோஜனமும் அன்று என்பது என் அபிப்பிராயம்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பற்றிய வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. அதைப் படிக்க எழுத்தறிவும் வேண்டும், கைபேசியும் வேண்டும்! 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17 அன்று மாரடைப்பால் காலமானபோது, ஊசி காரணமன்று என்று அதிகாரிகள் சொல்லியும் ஜனங்களின் அச்சம் தணியவில்லை. தேசிய நிபுணர் குழு ஆராய்ந்து அதையே உறுதிசெய்ததோ அக்டோபரில்தான்.

விசுவாசத்தோடு வயிற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடவுக்குப் போகிறவளுக்கு ஊசிக்குப் பின் வரும் இரண்டு நாள் காய்ச்சல், இரண்டு நாள் கூலி. அவள் 'பிறகு பார்க்கலாம்' என்பதை மறுப்பென்று ஏட்டில் எழுதிவிடுவது சுலபம். சுகாதார இலாகாவுக்கு என் விண்ணப்பம் சிறியது: நடவுக் காலத்தில் முகாமைப் பொழுது சாய்ந்தபின் வையுங்கள், காய்ச்சல் வரும் என்பதை, ஊசி போடுவதற்கு முன்பே, அவளிடம் சொல்லிவிடுங்கள்.