ககாரின் முன்னால் சுழன்ற உருண்டை

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். “ககாரின் பூமியைச் சுற்றியபோது, தான் எந்த நாட்டுக்கு மேலே இருக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அப்போது ஜிபிஎஸ் கிடையாதே?”

விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் ககாரின், 1961 ஏப்ரல் 12, வஸ்தோக் கலம், 108 நிமிடப் பயணம். இவையெல்லாம் பொது அறிவுப் புத்தகம் புரட்டிய எல்லோருக்கும் மனப்பாடம். இந்தக் கேள்விக்கு மட்டும் அங்கே பதில் இருக்காது.

ககாரின் முன்னால் இருந்த கருவிப் பலகையில் ஒரு சின்ன பூகோள உருண்டை இருந்தது. ‘குளோபுஸ்’ என்று அதற்குப் பெயர். அதன்மேல் ஒரு குறி. குறிக்கு நேர்கீழே எந்த இடம் வருகிறதோ, கலம் அந்த இடத்துக்கு மேலே பறக்கிறது என்று பொருள். கலம் நகர நகர, உருண்டையும் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

சொல்வதற்கு எளிது, செய்வது கடினம். சாய்வான பாதையில் கலம் ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் பூமியும் தன் அச்சில் இருபத்திரண்டு டிகிரிக்கு மேல் கிழக்கே திரும்பிவிடுகிறது. ஒரே உருண்டை இந்த இரண்டு சுழற்சிகளையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இதற்கான கணக்கைப் பல்சக்கரங்களே போட்டன. இரண்டு சுழற்சிகளைக் கூட்டித் தர, லாரியின் பின் அச்சில் இருக்கிறதே, அதே டிஃபரென்ஷியல் அமைப்பு பொடி உருவில் உள்ளே இருந்தது. பித்தளையும் எஃகும் சேர்ந்து போட்ட கணக்கு!

என்னை மிகவும் கவர்ந்தது, இந்தக் கருவிக்குக் கண்ணே கிடையாது என்பதுதான். அது பூமியைப் பார்ப்பதில்லை, வானொலிச் சைகை எதையும் கேட்பதில்லை. புறப்பட்ட இடத்தையும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தையும் முதலில் சரியாக வைத்துவிட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். இரவுப் பேருந்தில் என் அப்பா கண்ணை மூடியபடியே, “மணி இரண்டாச்சா? அப்ப விழுப்புரம் தாண்டியிருக்கும்” என்பார். குளோபுஸ் செய்ததும் அதைத்தான்.

இந்த வரிசைக் கருவிகளில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு விசையைத் திருப்பினால் உருண்டை விறுவிறுவென்று முன்னோக்கி ஓடி நிற்கும். இப்போதே வேகத்தைக் குறைக்கும் ராக்கெட்டை இயக்கினால் கலம் எங்கே போய் இறங்கும் என்று காட்டும். ககாரினின் பயணம் முழுக்கத் தானியங்கி. கைக்கட்டுப்பாட்டைப் பூட்டியே வைத்திருந்தார்கள். அதைத் திறக்கும் எண் ஓர் உறைக்குள் இருந்தது. ஆனாலும் தானியங்கி கைவிட்டால் வீரரே இடம் பார்த்துக் கலத்தை இறக்க வேண்டியிருக்கும் என்ற கவலை பொறியாளர்களுக்கு இருந்தது.

அந்தக் கவலை 1965 மார்ச்சில் உண்மையானது. வஸ்ஹோத் 2 கலத்தில் லியோனவ் முதல் விண்வெளி நடையை முடித்தபின், திரும்பும் நேரத்தில் தானியங்கி பழுதானது. கலத்தின் தலைவர் பெலியாயெவ் அதைக் கையாலேயே திசை திருப்பினார். அதற்காக இருக்கையை விட்டு நகர்ந்தவர்கள் மறுபடி வந்து உட்கார 46 விநாடி தாமதமாயிற்று. விநாடிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் அது சின்னத் தாமதமல்ல. குறித்த இடத்தைத் தாண்டி 386 கிலோமீட்டர் தள்ளி, பெர்ம் பகுதியின் பனிக்காட்டில் இறங்கி, இரண்டு இரவுகளை அங்கேயே கழித்தார்கள்.

எதிர்த்தரப்பான அமெரிக்காவிலும் இதே யோசனைதான். 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் மூன்று சுற்று வந்த மெர்க்குரி கலத்திலும், கடிகாரம்போல் ஓடும் ஓர் உருண்டை இருந்தது. வல்லரசுகள் இரண்டும் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், இருபுறத்துப் பொறியாளர்களும் ஒரே கேள்விக்கு ஒரே விதமான விடை கண்டிருக்கிறார்கள்.

நாம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகிறோம்? முதலில் போனவர் யார், எந்தத் தேதி, எந்த நாடு. விண்வெளிப் பந்தயத்தின் மதிப்பெண் பட்டியல்தான். ராக்கெட்டை உருவாக்கிய கரல்யோவின் பெயரையே 1966 ஜனவரியில் அவர் இறக்கும்வரை சோவியத் அரசு மறைத்து வைத்தது. அப்படியிருக்க, பல்சக்கரத்துக்குப் பல் வெட்டியவரை யார் கேட்கப்போகிறார்கள்? இந்தக் கருவிகளில் சில ஏலத்துக்கு வந்து தனியார் அலமாரிகளுக்குப் போவதைப் பார்க்கையில் மனம் வலிக்கிறது. அவை பிள்ளைகள் கண்ணெதிரே, மூடி கழற்றி வைக்கப்பட வேண்டியவை.

குளோபுஸ் ககாரினோடு முடிந்துவிடவில்லை. திருத்தப்பட்ட வடிவங்களில் சோயுஸ் கலங்களிலும் பல பத்தாண்டுகள் பறந்தது. 2002இல் சோயுஸ் டிஎம்ஏ வந்தபோதுதான் கணினித் திரை அதன் இடத்தை எடுத்துக்கொண்டது.