இரு சக்கரம், இரு கட்சி

புல்லட்டா, ஜாவாவா? கரமனை வழியே குமரிக்குப் போகும் சாலையில் அறுபதாண்டுச் சண்டை இன்னும் ஓயவில்லை

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. தம்பானூரிலிருந்து நாகர்கோவில் புறப்படும் பஸ்கள் இன்னும் சாலையை அடைத்துக்கொள்ளாத நேரம். கரமனைப் பாலத்தருகே நிற்பவருக்கு வண்டி கண்ணில் படுமுன் காதில் விழுந்துவிடும். நெஞ்சில் தட்டுவது போல நிதானமாக 'டுப்... டுப்' என்று வந்தால் அது புல்லட். எப்போதாவது 'டர்ர்ர்' என்ற அவசரச் சத்தமும் பின்னால் நீலப் புகையும் வந்தால் ஜாவா, அல்லது அதன் தம்பி எஸ்டி. இரு தரப்பும் போவது ஒரே ஊருக்குத்தான். பாப்பனங்கோடு, நேமம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை தாண்டி சுமார் 90 கி.மீ. தெற்கே கன்னியாகுமரி. ஆனால் வழியில் டீ குடிக்க நிறுத்தினால் போதும், பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்துவிடும்.

கரமனைக்குத் தமிழ் புதிதல்ல. ஆற்றங்கரை அக்கிரகாரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த ஊர். நீலகண்ட சிவன் தமிழில் கீர்த்தனைகள் பாடிய ஊர். இங்கே ஓடும் புல்லட்டும் ஒரு வகையில் தமிழகத்திலிருந்து குடியேறியதுதான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1932இல் பிறந்த புல்லட் என்ற பெயருக்கு இந்தியாவில் அழைப்பு வந்தது ராணுவத்திடமிருந்து. எல்லைக் காவலுக்கென்று 1950களின் தொடக்கத்தில் 350 சி.சி. வண்டிகள் 800 வாங்கப்பட்டன. 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை சென்னையை ஒட்டிய திருவொற்றியூரில் எழுந்தது. பின்னர் நடந்தது விசித்திரம். 1970களின் தொடக்கத்துக்குள் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்டது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் பிழைத்துக்கொண்டது. 1977இல் அங்கிருந்தே புல்லட்டை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யவும் ஆரம்பித்துவிட்டது.

எதிர்க்கட்சி மைசூரில் உருவானது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்தின் உரிமத்தோடு ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960களின் தொடக்கத்தில் அங்கே உற்பத்தியைத் துவக்கியது. 1973 முதல் வண்டிகளின் பெயர் எஸ்டி ஆயிற்று. நிறுவனத்தை நடத்திய பார்சி-இரானியக் குடும்பத்தின் பூர்வீகமான யஸ்த் நகரத்தை நினைவூட்டும் பெயர் என்பார்கள். 1978இல் வந்த ரோட்கிங் இந்தக் கட்சியின் கொடிமரம்.

சண்டைக்குக் காரணம் இல்லாமலில்லை. இரண்டும் ஓட்டுபவரிடம் வெவ்வேறு குணங்களைக் கேட்கும் வண்டிகள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு. டீகம்ப்ரெஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்து, பிறகு ஒரே மிதி. கணக்குத் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் தாங்காது. ஆயில் ஒழுகாத புல்லட் என்றால் உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம் என்ற பழைய நகைச்சுவையை அதிகம் சொல்வது எதிரிகளல்ல, அதன் சொந்தக்காரர்களே. தங்கள் குடும்பத்துக் கோபக்காரத் தாத்தாவைப் பற்றிப் பேசுவது போல.

ஜாவாக்காரர்களின் வாதம் வேறு. அவர்களுடையது டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். கிக் செய்யும் லீவரையே மடக்கினால் அது கியர் லீவர். கியர் மாற்ற கிளட்சைப் பிடிக்கக்கூட வேண்டாம். காலை அழுத்தும்போதே கிளட்ச் விடுபடும். 350 சி.சி. புல்லட் 18 குதிரைசக்தி தருகிறதென்றால் 250 சி.சி. ரோட்கிங் 16 தருகிறது, எடையும் குறைவு என்று அவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். புல்லட்காரர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்வதில்லை. ரோட்டில் எழுந்து நிற்கும் கம்பீரத்துக்குக் குதிரைசக்தியில் அளவு ஏது என்பது அவர்கள் கட்சி. போலீசும் ராணுவமும் ஏறிய வண்டி என்ற கௌரவம் அவர்களுக்குப் போதும்.

இரு கட்சிகளையும் ஒரே சமயத்தில் அடித்தது மூன்றாவது கூட்டம். 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டோடு 100 சி.சி. வண்டிகள் வரிசையாக இறங்கின. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி100 லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசியது. யமஹா ஆர்எக்ஸ்100 வேகத்தைப் பேசியது. கம்பீரத்துக்குக் காசு கொடுக்க ஆள் குறைந்தது. புகை விதிகளும் இறுகிவந்த காலத்தில், 1996இல், மைசூர் தொழிற்சாலை மூடப்பட்டது. புல்லட்டும் தப்பியது மயிரிழையில்தான். 1990களில் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த நிறுவனத்தை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று 2000ஆம் ஆண்டில் யோசனை நடந்தது. அப்போது 26 வயதான சித்தார்த்த லால் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று மாதத்துக்கு ஏறக்குறைய 2,000 வண்டிகள்தான் விற்றன. 2014இல் ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டி, அந்த ஆண்டின் உலக விற்பனையில் ஹார்லி-டேவிட்சனையே முந்தியது. 2024-25 நிதியாண்டில் விற்பனை முதன்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டியது.

இடைப்பட்ட காலத்தில் இந்த இரு பெயர்களையும் காப்பாற்றியவர்கள் யார்? கம்பெனிகள் அல்ல. ஊருக்கு ஊர் இருந்த ஒர்க் ஷாப் மெக்கானிக்குகளும், நஷ்டம் என்று தெரிந்தே வண்டியை விற்காமல் வைத்திருந்தவர்களும்தான். குறிப்பாக ஜாவாவுக்கு. தொழிற்சாலையே இல்லாத வண்டிக்கு உதிரி பாகம் தேடி மைசூர், பெங்களூர் என்று அலைந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிறை ஜாவா தினமாகக் கொண்டாடவும் செய்கிறார்கள். கடை மூடிய முதலாளிக்கு வாடிக்கையாளர்கள் நடத்தும் திருவிழா!

அமெரிக்கப் பேராசிரியர்கள் ஆல்பர்ட் முனிஸும் தாமஸ் ஓகினும் 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு 'பிராண்ட் சமூகம்' என்று பெயர் வைத்தது. நாம் ஒரே இனம் என்ற உணர்வு, சடங்குகள், ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்ற கடமை ஆகிய மூன்றும் இருந்தால் அது சமூகம். எதிரில் இன்னொரு பிராண்ட் நிற்பதும் அந்த உணர்வை இறுக்கிக் கட்டும். எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்களைப் பார்த்து வளர்ந்த தமிழருக்கு இதைச் சொல்ல அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது அம்சம் சாலையில் தெளிவாகவே தெரியும். மார்த்தாண்டம் அருகே ஒரு ஜாவா நின்றுபோனால் புல்லட்காரரும் நிறுத்துவார். கேலி செய்வார், கேபிள் கொடுப்பார், இரண்டையும் செய்வார்.

இந்தப் பக்தி பிறருக்கு எரிச்சலூட்டாமல் இருக்குமா? 2017இல் பஜாஜ் தன் டோமினார் வண்டிக்கு எடுத்த விளம்பரங்களில் ஹெல்மெட் போட்டவர்கள் யானைமேல் வந்தார்கள். யானை கிளம்ப மறுத்தது, மேட்டில் திணறியது. 'யானை வளர்க்காதே' என்பது இந்தி வாசகம். பெயர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை. வட இந்தியாவில் அது கேலியாக எடுபட்டிருக்கலாம். குருவாயூர் கேசவனுக்குச் சிலை வைத்த, ஒவ்வொரு கொம்பனுக்கும் ரசிகர் கூட்டம் உள்ள கேரளத்தில், யானை என்றால் அது பாராட்டு! இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழைய புல்லட்டின் விலைக்கும் பொருந்தும். அதே பஜாஜ் 2023இல் பிரிட்டனின் டிரையம்ஃபோடு சேர்ந்து ஸ்பீட் 400ஐக் கொண்டுவந்தது, யானை மேயும் அதே காட்டுக்குள்தான்.

கண்டிப்பான இலக்கணப்படி புல்லட் க்ரூஸரே அல்ல. தாழ்ந்த இருக்கை, முன்னால் நீட்டிய கால், விரிந்த ஹேண்டில்பார் என்பது ஹார்லி வகுத்த இலக்கணம். 2010இல் இந்தியாவில் முதல் ஷோரூம் திறந்த ஹார்லி, பத்தே ஆண்டில் ஆண்டுக்கு 2,500 வண்டிகூட விற்க முடியாமல் ஹரியானா ஆலையை மூடிவிட்டு ஹீரோவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அமெரிக்காவில் ஹார்லிக்கும் இந்தியன் என்ற பிராண்டுக்கும் இடையே இருந்த நூற்றாண்டுப் பகை இங்கே எடுபடவில்லை. இந்திய க்ரூஸர் என்றால் 2002இன் தண்டர்பேர்டு, 2005இன் பஜாஜ் அவெஞ்சர், 2020இன் மீட்டியர். பெரும் பகை மட்டும் பழைய இருவருக்கிடையேதான்.

பகையில் இன்று மூன்றாவது பிரிவும் சேர்ந்திருக்கிறது: பழைய புல்லட்காரர், புதிய புல்லட்காரர். இரும்பு எஞ்சின் போய் 2009-10 வாக்கில் புதிய எஞ்சின் வந்தது. கியர் இடது காலுக்கு மாறியது. 2020இல் பிஎஸ்-6 விதிகளோடு 500 சி.சி. விடைபெற்றது. 2023இன் புல்லட்டில் கிக்கர்கூட இல்லை. அதிர்வு குறைந்தது, ஆயில் ஒழுகுவதில்லை, பெண்கள் உட்படப் புதியவர்கள் பலர் ஏறினார்கள். 'டான்ட்லெஸ் ராயல் எக்ஸ்ப்ளோரர்ஸ்' என்ற பெண்கள் புல்லட் குழு பிறந்தது திருவனந்தபுரத்தில்தான். வண்டி நல்லதாயிற்று என்பதில் சந்தேகமில்லை. அதைத்தான் பழையவர்களால் மன்னிக்க முடியவில்லை. சத்தம் போய்விட்டதென்று சைலன்சரை மாற்றி, மோட்டார் வாகனத் துறையிடம் அபராதம் கட்டுகிறவர்களும் உண்டு. இதில் அனுதாபப்பட ஒன்றுமில்லை. ஒருவருடைய பக்தி நள்ளிரவில் தெருவையே எழுப்ப வேண்டிய அவசியம் என்ன?

அனுதாபம் வேறிடத்தில் தேவைப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்த மெக்கானிக்கின் வித்தை, கணினியைச் செருகிக் கோளாறு கண்டுபிடிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியிடம் செல்லாது. இந்தப் பெயர்களைக் கஷ்ட காலத்தில் தூக்கிச் சுமந்தவர் அவர்தான். அந்தப் பெயர்கள் பணமாக மாறும்போது அவருக்குப் பங்கில்லை.

ஜாவாவின் மறுபிறப்பிலும் இதே கதை. மகிந்திரா ஆதரவு பெற்ற கிளாசிக் லெஜண்ட்ஸ் 2018 நவம்பரில் ஜாவாவையும், 2022 ஜனவரியில் எஸ்டியையும் திரும்பக் கொண்டுவந்தது. உருவம் பழையது. எஞ்சின் ஃபோர்-ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்வது. நீலப் புகை இல்லை, கிக்கர் இல்லை. எஸ்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போயிற்று. மூடிய கம்பெனியின் பெயருக்கு வழக்காடும் அளவு மதிப்பிருந்தது. அந்த மதிப்பை உண்டாக்கியவர்கள் வழக்கில் எந்தத் தரப்பிலும் இல்லை.

2025 செப்டம்பர் 22இல் டெல்லி ஒரு புதிய கோடு போட்டது. 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் 40 சதவீதம். ஹார்லி எக்ஸ்440, டிரையம்ஃப் ஸ்பீட் 400 எல்லாம் அன்று கோட்டுக்கு அந்தப் பக்கம். புல்லட் 349 சி.சி., ஜாவா 350 என்று பெயர் கொண்ட வண்டி உண்மையில் 334 சி.சி. அறுபதாண்டில் முதன்முறையாக இரண்டும் ஒரே பக்கம் நின்றன. டீக்கடையில் இப்போது அடுத்த கேள்வி: கோட்டை ஒட்டி நிற்பது யார், 16 சி.சி. தள்ளி நிற்பது யார்?