சாலையோரக் கனிக்கடையிலிருந்து வளர்ந்த ஒரு பண்ணை

கொடியிலேயே நன்கு பழுத்த பெரிப் பழத்தைக் கையிலெடுத்தால் அதன் சாறு விரல்களில் படியும். சுவையும் மணமும் மிக்க அப்பழத்தைத் தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்புவது எளிதன்று. பறித்த சில நாட்களுக்குள் குழைந்துவிடுமாதலால், பயிரிட்டவர் வியாபாரி சொன்ன விலைக்கே அதனைக் கொடுத்துத் தீரவேண்டியவராகிறார். இத்தொல்லையையே வாய்ப்பாக மாற்றிக்கொண்டது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பூவெனா பார்க் என்னும் ஊரில் வாழ்ந்த நாட் குடும்பம்.

வால்டர் நாட் என்பவரும் அவர் மனைவி கார்டீலியாவும் 1920ஆம் வருஷ இறுதியில் அவ்வூருக்கு வந்தபொழுது, முந்திய அனுபவம் ஊக்கமளிப்பதாயில்லை. மொஹாவே பாலைவனத்தில் சர்க்கார் குடியேறுவோருக்கு அளித்துவந்த நிலத்தில் 160 ஏக்கரைப் பெற்று வால்டர் பயிரிட்டுப் பார்த்தார். வறண்ட அம்மண்ணில் விவசாயம் பலிக்கவில்லை. நிலத்திற்கு உரிமை பெறுவதற்காகக் கூலிவேலைக்கும் போய்க் காலங்கழித்தார். பின்னர்ச் சில வருஷங்கள் பிறர் நிலத்தில் உழைத்தார். பூவெனா பார்க்கிலும் முதலில் கிடைத்தது குத்தகை நிலமே. உறவினர் ஒருவருடன் கூட்டாக 20 ஏக்கரை எடுத்து, பெரிச் செடிகளை வைத்தார்.

அந்நிலத்திற்கு ஒரு நன்மை இருந்தது. கடற்கரைக்குச் செல்லும் மோட்டார்கள் அதனருகிலுள்ள ரஸ்தா வழியே போயின. நாட் குடும்பத்தார் அங்கே ஒரு சிறு கடை வைத்து, அன்றன்று பறித்த பழத்தை வழிப்போக்கர்களுக்கே விற்றனர். பழம் பிரயாணம் செய்யவேண்டியதில்லை. வாங்குவோரே அதனைத் தேடி வந்தனர். 1927இல் நிலத்தில் ஒரு பகுதியை விலை பேசி வாங்கத் துணிந்தனர். மறுவருஷம் கனிக்கடை, நாற்றுப்பண்ணை, தேநீர்ச் சாலை ஆகியவற்றுக்கான கட்டடம் எழுந்தது. கார்டீலியா பழப்பாகும், பழம் வைத்துச் சுட்ட பணியாரமும் செய்து விற்றார். பழம் கிடைக்கும் பருவம் குறுகியது. பாகாகக் காய்ச்சினாலோ வருஷம் முழுவதும் விலைபோகும். 1929க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் நில விலை பெரிதும் வீழ்ந்தபொழுதும், ஒப்புக்கொண்ட விலையையே அவர்கள் செலுத்தி வந்தனர்.

இப்பண்ணையின் பெயரை உலகறியச் செய்த செடி, வேறொருவர் கைவிட்டதாகும். அனஹைம் நகரப் பூங்காக்களின் மேற்பார்வையாளராயிருந்த ரூடால்ப் பாய்சன் என்பவர், பிளாக்பெரி, ராஸ்ப்பெரி, லோகன்பெரி முதலியவற்றின் கலப்பாகிய ஒரு கொடியை வளர்த்துப் பார்த்து, பயனில்லையென விட்டுவிட்டார். மிகப் பெரிய பழந்தரும் கொடி ஒன்று உண்டென்று கேள்வியுற்ற மத்திய விவசாய இலாகாவின் ஜார்ஜ் டாரோ, 1920களின் பிற்பகுதியில் அதனைத் தேடி வந்து வால்டரின் துணையை நாடினார். பாய்சனின் பழைய தோட்டத்தில் களைகள் மண்டிய இடத்தில் மெலிந்த கொடிகள் சில உயிரோடிருக்கக் கண்டனர். வால்டர் அவற்றைத் தம் நிலத்திற்குக் கொண்டுவந்து நீர்பாய்ச்சிப் பேணினார். 1932 முதல் அப்பழம் விலைக்கு வந்தது. அதற்குத் தம் பெயரை இடாமல் பாய்சன்பெரி என்றே வால்டர் பெயரிட்டது போற்றத்தக்கது.

அக்கொடியின் இயல்பைச் சிறிது கூறலாம். வேர் பல வருஷம் வாழும். தண்டு இரண்டு வருஷமே வாழும். முதல் வருஷம் நீண்டு படரும் தண்டைக் கம்பியில் கட்டிவைத்தால் மறுவருஷம் அது காய்த்து ஓயும். ஓய்ந்ததை அறுத்தெறிந்து, புதிய தண்டுக்கு இடம்விடுதல் வேண்டும். தண்டின் நுனியை மண்ணில் புதைத்தால் அது வேர்விட்டுத் தனிச் செடியாகும். ஆகவே பழத்தோடு செடியையும் விற்க முடிந்தது. வாங்கியவர்கள் போட்டியாகப் பயிரிடுவார்களே என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர், வால்டர் அஞ்சவில்லை.

1934 ஜூன் மாதம், தேநீர்ச் சாலையில் கார்டீலியா தம் கலியாணப் பீங்கான் தட்டுகளில் கோழிக்கறி விருந்து பரிமாறினார். ஆளுக்கு 65 சென்ட். முதல் நாள் உண்டவர் எட்டுப் பேர். உணவு விடுதி நடத்தும் எண்ணம் அவருக்கு முன்பு இருந்ததில்லை. ஆயினும் சில வருஷங்களில் விருந்தினர் மணிக்கணக்கில் காத்து நிற்கலாயினர்.

காத்திருப்போரின் பொறுமைக்கு ஏதேனும் செய்யவேண்டுமென்று வால்டர் கருதினார். அவருடைய பாட்டி கூண்டுவண்டியில் பாலைவனத்தைக் கடந்து கலிபோர்னியாவுக்கு வந்தவர். அந்நினைவாக 1940இல், கைவிடப்பட்ட சுரங்க ஊர் போன்ற ஒரு தெருவை அமைக்கத் தொடங்கினார். பழைய கட்டடங்களையே பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தினார். 1952இல் அங்கே ரயில் வண்டியும் ஓடிற்று. உள்ளே சுற்றிப் பார்க்க நெடுங்காலம் கட்டணமில்லை. 1968இல்தான் வேலியிட்டுக் கட்டணம் வாங்கலாயினர்.

கார்டீலியா 1974இலும் வால்டர் 1981இலும் காலமாயினர். 1997இல் குடும்பத்தார் பண்ணையைக் கேளிக்கைப் பூங்கா நடத்தும் கம்பெனிக்கு விற்றனர். பெரிச் செடிகள் நின்ற வயல்கள் வண்டிகள் நிறுத்துமிடமாகவும் ராட்டின மேடைகளாகவும் மாறிவிட்டன. பாய்சன்பெரி இப்பொழுது நியூஸிலாந்து முதலிய தேசங்களில் பயிராகிறது. கார்டீலியாவின் கோழி விருந்து மட்டும் அதே ரஸ்தாவின் ஓரத்தில் இன்றும் பரிமாறப்பட்டு வருகிறது.