மானியத்துக்கு எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு

எங்கள் உழவர் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும் வேலை என் கைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. "படிச்ச புள்ள, நீயே எழுதிரும்மா" என்று பெரியவர்கள் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது டெல்டாவில் பல ஊர்களிலும் இப்படிப் புதிதாக எழுத வருகிறார்கள். சிலர் போன் போட்டு முதலில் கேட்பதே, "அக்கா, எந்தத் திட்டத்துல காசு வருது?" என்றுதான்.

காசு இருக்கும் இடம் தெரிந்துகொள்வது பெரிய வித்தை இல்லை. ஒன்றிய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் திட்டம் 2015-இல் தொடங்கியபோது 50 உழவர், 50 ஏக்கர் கொண்ட தொகுப்புக்கு, ஏக்கருக்கு மூன்றாண்டில் 20,000 ரூபாய் என்று இருந்தது. தொகை பிறகு மாறிவிட்டது. ஆகவே நடப்பு ஆண்டின் வழிகாட்டு நெறிமுறையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார வேண்டும். 2020-இல் வந்த பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும் என்று இருந்தது. நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டில் 18 லட்சம் வரை என்று அறிவித்திருந்தார்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி மூன்றாவது. இதை நம் உற்பத்தியாளர் கம்பெனி நேரடியாக வாங்க முடியாது. பதிவுபெற்ற அறக்கட்டளை, சங்கம் போன்றவை வழியாகத்தான் வரும். நிறையப் பேர் இது தெரியாமல் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

ஊரில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பதுதான் கடினம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அண்ணன் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழா உங்களுக்குத் தெரியும். இரண்டு கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். எங்கள் குழுவும் அதே வழக்கத்தை வைத்திருக்கிறது. யார் பூங்கார் வாங்கினார், யார் மாப்பிள்ளைச் சம்பா திருப்பினார், யாருக்கு வெள்ளத்தில் போய்விட்டது என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கிறது. போன ஆண்டு களத்துக்கு வந்த அதிகாரி ஒருவர் என் இருபது பக்க அறிக்கையைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். அந்த நோட்டைத்தான் அரை மணி நேரம் படித்தார்.

அளவுக் கணக்கும் ஒரு தலைவலி. படிவம் ஹெக்டேரில் கேட்கும், நம் ஆட்கள் மாவில் சொல்வார்கள். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. 20 ஹெக்டேர் தொகுப்பு என்றால் ஏறக்குறைய 150 மா. இதைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி எங்களை உலுக்கிய விஷயம். தொகுப்புக்குப் பெயர் எடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பட்டா இல்லை. கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருக்கும் மிராசுதார் நிலம் என்று வாய்மொழிக் குத்தகையில் தலைமுறையாகப் பயிர் செய்கிறவர்கள். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. "பட்டா இருக்கிறவங்கள மட்டும் வெச்சு முடிச்சிருவோம், மத்தவங்கள அப்புறம் சேத்துக்கலாம்" என்றார் ஒரு மாமா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஓர் அத்தை எழுந்து, "பஞ்சகவ்யம் கரைக்க நாங்க வேணும், வரப்புல உளுந்து ஊன நாங்க வேணும், பேரு எழுத மட்டும் வேணாமா?" என்று கேட்டார். கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த ஆண்டு விண்ணப்பிப்பதில்லை என்று தீர்மானம் போட்டோம். ஒரு போகம் முழுக்க ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் ஏற அலைந்தோம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் பதியப் போனால் நிலத்துக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் இன்னும் போகவில்லை. சிலர் பாதியில் பின்வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ஆண்டு பட்டியலில் அத்தையின் பெயர் இருந்தது. நான்கு பேருக்கு இன்னும் கிடைக்கவில்லை. பங்கேற்பு உத்தரவாதச் சான்று முறையில் ஒருவர் வயலை இன்னொருவர்தான் பார்த்துச் சான்று சொல்ல வேண்டும். பெயர் விட்டுப்போனவர்களை வெளியே நிறுத்திவிட்டு அதை எப்படி நடத்துவது?

எழுதுகிறவர்களுக்கும் துணை வேண்டும். அமாவாசைக்கு ஏர் பூட்டுவதில்லை என்பதால் அன்று மன்னார்குடியில் ஒரு டீக்கடையில் ஐந்தாறு பேர் கூடுகிறோம். தள்ளுபடியான விண்ணப்பங்களைக் கொண்டுவந்து சத்தமாக வாசிப்போம், எந்த இடத்தில் கேட்கிறவருக்குப் புரியவில்லை என்று பார்ப்போம். ஒரே ஊராட்சிக்கு இருவர் ஒரே நிதியைக் கேட்பதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம். இன்னொன்றிலும் உறுதியாக இருக்கிறோம்: வரும் மானியத்தில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசக் கூடாது. எழுதிய நாளுக்குக் கூலி, பஸ் காசு, அவ்வளவுதான். அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்வோருக்கென்றே சங்கம் இருக்கிறது. அங்கேயும் சதவீதக் கூலி நெறிமுறைக்கு விரோதம்தான். சதவீதம் என்று வந்துவிட்டால் எழுதுகிறவர் கை தானாகவே தொகையை ஏற்றும். கடைசியில் கணக்குக் காட்ட முடியாமல் நிற்பது குழுதான்.

வருகிற அமாவாசைக்கு வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வருகிறான். எழுதிய படிவம் எதுவும் கையில் இல்லையே என்று தயங்கினான். கூட்டத் தீர்மான நோட்டையும் விதைக் கணக்கையும் மட்டும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.