டேங்குக்கு அடுப்பு ஆகாது!

பரீட்சை முடிஞ்ச கையோட ஒரு காரியம் பண்ணிட்டேன் மக்கா. வாரம் 20 மணி நேரம் லைப்ரரியில புத்தகம் அடுக்கிச் சேர்த்த காசுல ஒரு 1972 ஹோண்டா சிபி350 வாங்கிட்டேன். எஞ்சின் தேவலாம். உடம்புதான் சொறி பிடிச்ச மாதிரி. இந்த ஊர்ல பெயிண்ட் கூலியைக் கேட்டா செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வருது. பவுடர் கோட்டிங்னா மலிவு, கல் அடிச்சாலும் லேசுல உரியாதுன்னு ரூம்மேட் ஏத்திவிட, டேங்கையும் ரெண்டு மட்கார்டையும் மூட்டை கட்டிக்கிட்டு ஒரு பட்டறைக்குப் போனேன்.

அங்க ஒரு பெரியவர். டேங்கை வாங்கினதும் மோந்து பாத்தார்.

"பெட்ரோலை எப்ப வடிச்சே?"

"நேத்து ராத்திரி."

மனுஷன் மறுபேச்சு பேசாம அதைத் தூக்கிட்டுப் போய் வாசலுக்கு வெளியே வச்சிட்டு வந்தார்.

பிறகுதான் விளக்கினார். உலர்ந்த பொடிக்கு மின்னேற்றி, எர்த் பண்ணின இரும்பு மேல தூவுவாங்க. ஒட்டிக்கும். அப்படியே அடுப்புல தள்ளி சுமார் 200 டிகிரி செல்சியஸ்ல வேகவச்சா உருகிப் பரவி இறுகிடும். அந்தச் சூட்டுல டேங்குக்குள்ள பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்தா? குண்டுதான். காலி டேங்குல காத்தும் ஆவியும் கலந்து கிடக்கும், நிறைஞ்சதைவிட அதுதான் ஆபத்து. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

அடுத்து ஒரு காந்தத்தை எடுத்து டேங்க் மேல ஓட்டினார். இடது முட்டி படுற இடத்துல பொத்துனு கீழ விழுந்தது. உள்ளே பட்டி! முந்தின ஓனர் ஒடுக்கு எடுக்காம பட்டி பாத்து மூடியிருக்கான். அடுப்புல அது பொங்கிக் கொப்புளிச்சிடும். பழைய ஈயப் பத்து இருந்தா இன்னும் விசேஷம், 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிச்சிடுமாம்.

"மட்கார்டை வச்சிட்டுப் போ, டேங்கைப் பெயிண்டர்கிட்ட கொண்டு போ"ன்னுட்டார். தேடி வந்த வேலையை வேணாம்னு சொன்ன கடைக்காரரை இப்பத்தான் பாக்குறேன்.

அவர் சொன்னது சரிதான். எனக்கு வேண்டியது ஹோண்டாவோட அந்தக் காலத்துக் கேண்டி சிவப்பு. வெள்ளி மாதிரி மினுக்குற அடிக்கோட்டு மேல, அடி தெரியுற சிவப்பு. அந்த ஆழம் பெயிண்ட்லதான் ஒழுங்கா வரும். பவுடர் தடிப்பா உக்காரும், ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம் தெரியும். கீறல் விழுந்தா அந்த இடத்தை மட்டும் சரி பண்றதும் கஷ்டம். (நம்ம திருவொற்றியூர்ல ராயல் என்ஃபீல்டு டேங்குக்குக் கையாலேயே கோடு போட்டாங்களே, அதெல்லாம் வேற ரகம்!)

காசை மிச்சம் பண்ண நானே ஷெட்டுல அடிச்சிடலாம்னும் ஒரு ஐடியா இருந்தது. ஆனா பெட்ரோல் சிந்தினாத் தாங்குற கிளியர் கோட்டுல கலக்குற ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. மூக்குல கர்ச்சீப் கட்டிக்கிட்டு அடிச்சா ஆஸ்துமாதான் மிச்சம். பெயிண்டர்கிட்டயே குடுத்துட்டேன். ரெண்டு மாச சாப்பாட்டுக் காசு போச்சு.

மட்கார்டு ரெண்டும் பளபளன்னு கறுப்பா வந்தது. மாட்டிட்டு சாவியைத் திருப்பினா பின் விளக்கு எரியலை! பல்பு மாத்தி, வயர் மாத்தி, அரை நாள் போச்சு. கடைசியில பாத்தா விளக்குக்கு எர்த்தே அந்த மட்கார்டு வழியாத்தான். பவுடர் கரண்டை விடாதே. போல்ட் உக்காருற இடத்துல மட்டும், மனசைக் கல்லாக்கிக்கிட்டு, புதுக் கோட்டிங்கை நானே கத்தியால சுரண்டினேன் :-(