இரவில் பசிக்காதா?

“இரவு பதினொரு மணிக்கு மேல் எவனய்யா சாப்பிடுகிறான்? அந்த நேரத்தில் கடை எதற்கு?” என்று கேட்டார் நண்பர் ஒருவர். கெட்டவர் அல்லர். எட்டரைக்கு உண்டு, ஒன்பதரைக்கு விளக்கணைத்து, காலை ஆறு மணிக்குக் காப்பியோடு நாளேட்டைப் பிரிக்கிறவர். அவரைப் பொறுத்தவரை இரவு என்பது உறக்கத்துக்கு ஏற்பட்டது. அதனால்தான் அப்படிக் கேட்டார்.

அவருக்குச் சொல்கிறோம்; அவரைப்போல் எண்ணுகிற அதிகாரிகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம். ஐயா, நீர் உறங்கும்போது உமது தலைக்குமேல் மின்விசிறி சுழல்கிறதே, அதற்கு வேண்டிய மின்சாரத்துக்காக அத்திப்பட்டில் ஒருவன் கண்விழித்திருக்கிறான். கடையில் நீர் வாங்கப்போகிற சாமான் காட்டுப்பள்ளித் துறைமுகத்திலோ எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திலோ இரவோடு இரவாக இறங்குகிறது. அதை ஏற்றிச்செல்ல லாரிக்காரன் வரிசையில் காத்துக் கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நீர் விரும்பி உண்கிற இறால், பழவேற்காட்டு ஏரியில் நடுநிசியில் வலையில் விழுகிறது. உழைத்தால் பசிக்கும். பகலில் உழைத்தவனுக்குப் பகலில் பசிப்பதுபோல, இரவில் உழைத்தவனுக்கு இரவில் பசிக்கும். இதைச் சொல்வதற்கு ஒரு கட்டுரை தேவைப்படுகிறதே, அதுதான் வேதனை!

நாம் கண்ட இரவு

எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று வடக்கே நீளுகிற இந்த ரயில் பாதை நெடுகச் சென்னையின் வெளிப்புறநகர் வளர்ந்துகொண்டே போகிறது. அனல்மின் நிலையம், துறைமுகம், கிடங்கு, ஆலை, எல்லாமே இரவு ஷிப்டில் இயங்குபவை. மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் பரோட்டாக் கல்லின் தாளம் இரவு பத்து மணி வரை கேட்கிறது. ஷிப்ட் முடிந்து வருகிறவன் அதற்குள் ஓடிவந்தால் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் கிடைக்கும். பிந்தினால் கிடைப்பது தேநீரும் பன்னும்தான். துறைமுகச் சாலையில் லாரிக்காரர்கள் தாங்களே வண்டியோரம் அடுப்பு மூட்டிக்கொள்கிறார்கள்.

பொன்னேரியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ரயில் இல்லை, பஸ்தான். பகலில் அங்கே உணவுக்குப் பஞ்சமில்லை. ஒல்லாந்தர் 1613-இல் கட்டிய கோட்டையின் மிச்சத்தையும், அவர்களுடைய பழைய கல்லறைகளையும், ஏரியில் வந்திறங்கும் பூநாரைகளையும் பார்க்க வருகிறவர்களுக்கு வறுத்த மீனும் நண்டும் சுடச்சுடக் கிடைக்கின்றன. கடைசி பஸ் போய்விட்டால் ஊர் இருண்டுவிடும். ஊர் இருண்ட பிறகுதான் ஏரித் தொழிலாளிக்குப் பொழுது விடிகிறது!

நாம் போயிருந்த இரவில், படகுகள் ஒதுங்குகிற இடத்துக்கு அருகே ஒரே ஓர் அடுப்பு எரிந்தது. ஒரு மூதாட்டி. ஓர் இட்லிக் கொப்பரை. ஒரு சட்டியில் மீன் குழம்பு. சுற்றிலும் எட்டுப் பத்து ஆண்கள், வலையைத் தோளில் போட்டபடி, நின்றுகொண்டே உண்டார்கள். சற்றுத் தள்ளி இருட்டில், கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விடியுமுன் வருகிற மீனை ஏலத்தில் எடுத்து, முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குக் கொண்டுபோகிறவர்கள். அவர்கள் அடுப்பருகே வரவில்லை. ஆண்கள் உண்டு முடித்த பிறகு, இலையில் மடித்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

“பதினோரு மணியானா அடுப்பை அணைன்றாங்க நைனா” என்றார் அந்த ஆயா. “நான் அணைச்சுட்டா இதுங்க எங்க போய்த் துன்னும்? லத்தி வந்தா கொப்பரையைத் தூக்கிக்கினு சந்துல போய் நிப்பேன். போனதும் மறுபடி வந்து மூட்டுவேன்.”

பேரக்குழந்தைகளைக் கண்ட கிழவி, இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு சந்தில் ஒளிகிறாள்! என்ன களவு செய்துவிட்டாள்? பசித்தவனுக்குச் சோறு விற்றாள். அதுதான் அவள் செய்த களவு.

அந்த ஏரிக்கு அப்பால்தான் ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14-ஆம் நாள் அங்கிருந்துதான் சந்திரயான்-3 புறப்பட்டது. ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கியது. பெருமைதான், நமக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் நிலவுக்கு வழி கண்ட அதே ஏரிக்கரையில், நடு இரவில் ஓர் இட்லிக்கு வழி காணமுடியவில்லையே என்பதையும் சேர்த்துத்தானே எண்ணவேண்டியிருக்கிறது?

நிலவு வைத்த ஷிப்ட்

ஆலையில் ஷிப்டுக்குச் சங்கு ஊதுவார்கள். ஏரியில் சங்கு ஊதுவது யார்? நிலவு! கடல் நீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறுவதும் இறங்குவதும் நிலவின் கணக்கு. அந்தக் கணக்கு நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்திக்கொண்டே போகும். இன்றிரவு ஒன்பது மணிக்கு நீர் இறங்கினால் நாளை பத்துக்கு, நான்காம் நாள் நள்ளிரவுக்கு. நீர் இறங்கும்போது அதோடு ஓடுகிற இறாலை மறிக்கத்தான் வலை கட்டுகிறார்கள். “நான் பதினொரு மணிக்குள் உண்டுவிட்டுப் படுக்கவேண்டும், ஏரி கொஞ்சம் சீக்கிரம் வற்றக்கூடாதா?” என்று மீனவன் ஏரியிடம் கேட்க முடியுமா? கடைக்கு மட்டும் கடிகாரம் வைத்து, தொழிலை நிலவிடம் விட்டால் நடுவே காய்வது தொழிலாளியின் வயிறு.

“வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கொண்டுபோகட்டுமே” என்பார்கள். கொண்டுபோகிறார்கள். அந்தச் சட்டியை நிரப்ப, பகலெல்லாம் மீன் விற்று வந்த பெண் நள்ளிரவில் எழுந்து அடுப்பூத வேண்டும். ஆணின் இரவு வேலை பெண்ணுக்கும் இரவு வேலையாகிறது. அந்த வேலைக்குக் கூலியும் கிடையாது, கணக்கும் கிடையாது.

சட்டம் யாருக்குக் கதவு திறந்தது?

சட்டமே இல்லையா? இருக்கிறது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவு விடுதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வழி செய்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்பு, அந்த எண்ணை 100 ஆக்கியது. நல்லது. ஆனால் ஏரி ஆலையல்ல; மீனவனுக்கு முதலாளி இல்லை. துறைமுக வாயிலுக்கு வெளியே காத்திருக்கும் லாரிக்காரன் துறைமுகத்தின் ஆளும் அல்லன். உள்ளே இருப்பவனுக்கு விடுதி, வெளியே கிடப்பவனுக்கு வெறும் வயிறு!

2019-இல் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கடைகளும் நிறுவனங்களும் நாள் முழுதும், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றது அந்த ஆணை. 2022-இல் அதை நீட்டிக்கவும் செய்தது. ஆகா, ஆயாவுக்கு விடிவு வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள்! பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகளுக்குத்தான் அந்த அனுமதி. பளபளக்கும் கண்ணாடிக் கதவும், குளிரூட்டிய கூடமும் உடைய பெரிய கடைக்கு இரவு திறந்தது. ஒரு கிழவி, ஓர் அடுப்பு, ஒரு கொப்பரை என்று இருக்கிற கடையில் பத்துப் பேருக்கு எங்கே போவது? கொப்பரையையும் கரண்டியையும் ஆள் கணக்கில் சேர்த்தாலும் பத்து வராதே!

தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014-இல் மத்திய அரசு ஒரு சட்டம் செய்தது. கணக்கெடுக்க வேண்டும், சான்று தர வேண்டும், கணக்கெடுத்து முடியும்வரை யாரையும் விரட்டக்கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும்; அவர்களில் மூன்றில் ஒருவர் பெண் என்கிறது. உயர்ந்த சட்டம்! ஆனால் அது நகர்ப்புற வியாபாரிகளுக்காக எழுதப்பட்டது. மீஞ்சூர் பேரூராட்சி, பொன்னேரி நகராட்சி. அங்குள்ள தள்ளுவண்டிக்காரர் அதைக் காட்டி வாதாடலாம், வாதாடவும் வேண்டும். பழவேற்காடோ ஊராட்சி. பெரிய கடைக்கான ஆணையும் இங்கே எட்டவில்லை. நகரத்துக்கான சட்டமும் எட்டவில்லை.

சென்னையில் 2013-இல் தொடங்கிய மலிவு விலை உணவகங்களில் ஒரு ரூபாய்க்கு இட்லி தந்தார்கள். ஏழையின் வயிறறிந்த ஏற்பாடு என்று நாடே பாராட்டியது. அதற்கும் காலை உண்டு, பகல் உண்டு, மாலை உண்டு. நள்ளிரவு இல்லை.

“ஒழுங்கு கெடும்” என்பவர்களுக்கு

இரவுக் கடை இருந்தால் குடிகாரர் கூடுவர், கலகம் வரும் என்கிறார்கள். அப்படியானால் ஒன்று கேட்கிறோம். குடிப்பதற்கு இரவு பத்து மணி வரை சர்க்காரே கடை திறந்துவைத்திருக்கிறதே, அப்போது கெடாத ஒழுங்கு, பதினொரு மணிக்கு ஆயா இட்லி விற்றால் கெட்டுவிடுமா? விளக்கு எரிகிற இடத்தில், நாலு பேர் உண்கிற இடத்தில், தாய் ஒருத்தி கரண்டி பிடித்து நிற்கிற இடத்தில் கலகம் குறையுமே தவிர வளராது. இருட்டில் காத்திருக்கிற மீன்காரப் பெண்களைக் கேட்டுப்பாருங்கள். தங்களுக்குத் துணை லத்தியா, அடுப்பு வெளிச்சமா என்று அவர்கள் சொல்வார்கள்.

மதுரையைத் தூங்கா நகரம் என்கிறோம். நள்ளிரவில் ஆவி பறக்கும் இட்லிக் கடை அந்த ஊருக்கு அழகு என்று பேசுகிறோம், எழுதுகிறோம். மதுரையில் அழகாக இருப்பது பழவேற்காட்டில் குற்றமாகலாமா?

கடல் கடந்தும் பாருங்கள். மலேயாவில் விடிய விடியத் திறந்திருக்கும் ‘மாமாக்’ கடைகளை நடத்தி, அந்நாட்டு மக்களின் பசியாற்றியவர்கள் யார்? நம் தமிழ் முஸ்லிம்கள்தாம். சிங்கப்பூரில் தெருவில் கூவி விற்றவர்களைச் சர்க்கார் கணக்கெடுத்தது. 1971 முதல் 1986 வரை அவர்களுக்குக் கூரையும் குழாய் நீரும் சாக்கடையும் அமைந்த உணவு நிலையங்களைக் கட்டியது. அந்த உணவு நிலையப் பண்பாட்டை 2020-இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. அங்கே மரபுச் செல்வம். இங்கே சந்தில் ஒளிகிற கொப்பரை!

பாடு காட்டும் வழி

வழி என்ன? வெளியூர் மேதை வந்து சொல்லவேண்டியதில்லை. பழவேற்காட்டு மீனவரிடமே வழி இருக்கிறது. அதன் பெயர் பாடு. ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் சில. கட்ட விரும்புவோரோ பலர். வலுத்தவன் எடுத்துக்கொள் என்று விட்டிருந்தால் ஏரி இரத்தமாகியிருக்கும். இன்று இவர் முறை, நாளை அவர் முறை என்று ஊர் கூடி வகுத்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் முறை அது.

அந்த முறையை அடுப்புக்கும் வையுங்கள் என்கிறோம். ஏரிக்கரையில் ஒரு கூரை. ஒரு விளக்கு. ஒரு குடிநீர்க் குழாய். பெண்களுக்கு ஒரு கழிப்பிடம், உட்கார்ந்து உண்ண ஒரு திண்ணை. அடுப்பு வைக்க விரும்புகிற பெண்களின் பெயரை ஊராட்சி எழுதிக்கொள்ளட்டும். ஓர் இரவுக்கு இரண்டு அடுப்பு, முறை வைத்து. தொழில் மிகுந்த இரவுகளில் எல்லாரும். ஒருத்தியே எல்லா இரவும் கண்விழித்துச் சாகவேண்டாம். உண்ண வருகிறவனும் ஏமாறவேண்டாம். இன்று யார் முறை என்பது காவலருக்கும் தெரிந்திருக்கும். விரட்டுவதற்காக அல்ல, காப்பதற்காக.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். இரவுக் கடையில் பரிமாறுகிறவனும் தொழிலாளிதான். பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை அங்கே தட்டுக் கழுவக்கூடாது. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழகமே சட்டம் செய்திருக்கிறது. அந்த இருக்கை இரவிலும் இருக்கவேண்டும். ஒருவன் பசியாற இன்னொருவன் முதுகு ஒடியலாகாது.

தோழர்களே! கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலைகிற வேலையல்ல இது. மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் இருக்கிற தோழர்கள் ஓர் இரவு கண்விழியுங்கள். பதினொரு மணி முதல் நாலு மணி வரை யார் யார் பசியோடு போகிறார்கள் என்று எண்ணுங்கள். தள்ளுவண்டிக்காரர்களிடம் சான்று உண்டா என்று கேளுங்கள். இல்லாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். பழவேற்காட்டுத் தோழர்கள் கிராமசபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாட்கள் இருக்கின்றன. ஆயாவை முன்வரிசையில் உட்காரவையுங்கள். கூரை, விளக்கு, குழாய், முறை என்று நாலே சொல்லில் தீர்மானம் எழுதுங்கள். உழைப்பவன் நாளான மே முதல் நாளில் அது நிறைவேறினால் இன்னும் பொருத்தம்.

பறவை இரைதேட இந்த ஏரியில் சரணாலயம் ஒதுக்கிய நாடு இது. அந்த ஏரியில் உழைக்கிற மனிதன் நின்று உண்ண ஆறடிக் கூரை ஒதுக்காதா? ஒதுக்கவேண்டும். நாம் கேட்டால்தான் ஒதுக்குவார்கள். கேட்போம்!