எண்ணணியும் எழுத்துக் கோப்பும்

கண்டறிந்த எண்களைப் பின்வருவோர்க்கு வழுவின்றி ஒப்படைத்தல் அறிவியலாளர்தம் கடன்களுள் ஒன்றாகும். முன்னர் ஏட்டிலும் தாளிலும் எழுதிவைத்த எண்களை இன்று கணினிக் கோப்புகளில் எழுதிவைக்கின்றோம். கருவி மாறினும் கடன் மாறவில்லை. பைதன் என்னும் கணினி மொழியில் இக்கடன் நிறைவேறுமாற்றையும், அதன்கண் நேரக்கூடிய இழப்பினையும் ஈண்டு ஆராய்வாம்.

எண்களை நிரையும் நிரலுமாக ஒழுங்குபடுத்திய தொகுதி எண்ணணி எனப்படும். பைதன் மொழியில் இவற்றைக் கையாளுதற்கு உதவுவது நம்பை என்னும் துணைத்தொகுதி, அதன் 1.0 ஆம் பதிப்பு 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலுள்ள சேவ்ரெக்ஸ்ற் என்னும் கட்டளை, அணியின் ஒவ்வொரு நிரையையும் ஒவ்வொரு வரியாக எழுதும். எண்களுக்கிடையே வெற்றிடம் விடும். விரும்பின் காற்புள்ளியும் இடலாம். நிரல்கள் எவற்றைக் குறிப்பன என்பதைத் தலைப்பு வரியாகச் சேர்க்கலாம். அவ்வரியின் முன் தனிக்குறி ஒன்று இடப்படுதலால், கோப்பை மீள வாசிக்கும் லோட்ரெக்ஸ்ற் என்னும் கட்டளை அதனை எண்ணென மயங்காது விட்டுவிடும்.

இனி, ஓர் எண்ணை எத்தனை இலக்கங்களில் எழுதுதல் வேண்டும் என்னும் வினா எழுகின்றது. கணினி ஒரு தசம எண்ணைப் பெரும்பாலும் 64 துவித இலக்கங்களில் வைத்துக்கொள்ளும். அதனை மாற்றமின்றி மீளப் பெறுதற்குப் பொருளுள்ள 17 தசம இலக்கங்கள் போதும். சேவ்ரெக்ஸ்ற் கட்டளையோ, நாம் வேறு கூறாவிடின், தசமப் புள்ளியின் பின் 18 இலக்கங்களை எழுதும். ஆகவே இழப்பு யாதுமில்லை. ஆயின், அந்நீண்ட எண்கள் கண்ணுக்கு இனியனவல்ல. அதனாற் பலர் இரண்டு அல்லது மூன்று தசம தானங்களே போதுமெனக் கட்டளையிடுவர். கோப்பு அழகுபெறும்; எஞ்சிய இலக்கங்களோ அழிந்தொழியும்.

இவ்விழப்பு எத்துணைப் பெரிதாகலாம் என்பதை ஒரு வரலாறு காட்டும். 1961 ஆம் ஆண்டில் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த எட்வேட் லொறன்சு என்னும் அறிஞர், வானிலையைப் போன்மிக்கும் சமன்பாடுகளைக் கணினியிற் கணித்துவந்தார். ஒரு கணிப்பை இடையிலிருந்து மீளத் தொடங்க விரும்பிய அவர், தாளில் அச்சிடப்பட்டிருந்த எண்களையே உள்ளிட்டார். பொறியினுள் இருந்தது 0.506127, தாளில் இருந்ததோ 0.506. தொடக்கத்தில் இரு கணிப்புகளும் ஒத்துச் சென்றன. பின்னர் ஒன்றற்கொன்று தொடர்பற்ற இரு வானிலைகளாகப் பிரிந்தன. தொடக்க நிலையின் சிறு வேறுபாடு முடிவைப் பெரிதும் மாற்றும் என்னும் உண்மையை விளக்கும் அவரது கட்டுரை 1963 இல் வெளிவந்தது.

அங்ஙனமாயின், எல்லா எண்களையும் 18 தானங்களுக்கு எழுதுதல் வேண்டுமோ எனின், வேண்டா. மில்லிமீற்றரின் பத்திலொன்று வரையே அளக்கும் மழைமானியின் அளவீட்டுக்கு அத்தனை இலக்கங்களும் பொய்த் திட்பமேயாம். அளவீட்டை அதன் திட்பத்துக்கேற்ப எழுதுக. கணிப்பை இடையே நிறுத்திப் பின்னர் தொடரக் கருதின் முழுமையாக எழுதுக.

வேறு சில குறைகளுமுள. ஒரு பரிமாண, இரு பரிமாண அணிகளையே இக்கட்டளை ஏற்கும். முழுவெண்கள் மீள வாசிக்கப்படும்போது, வேறு கூறாவிடின், தசம எண்களாகவே வரும். பொறியினுள் 8 பைற்று இடம்பெறும் எண், கோப்பில் ஏறக்குறைய 25 பைற்று கொள்ளும். பேரணிகளுக்கு நம்பையின் துவிதக் கோப்பே ஏற்றது. எனினும் துவிதக் கோப்பைத் திறக்க அதனை அறிந்த செய்நிரல் வேண்டும். எழுத்துக் கோப்பையோ எழுத்தறிந்த எவரும் திறந்து வாசிக்கலாம்.

எனவே, கோப்பின் தலைப்பு வரியில் அளவையின் அலகையும் நிரல்களின் பொருளையும் எழுதிவைத்தலை மாணவர் வழக்கமாகக் கொள்வாராக. எண் மாத்திரம் எஞ்சி அதன் பொருள் மறைந்துபோமாயின், எத்தனை இலக்கங்களைக் காத்தும் பயனில்லை.